றூஸ்ட் கிராமத்து ஐரோப்பா பார்க்: பரிஸ் டிஸ்னிலாண்டின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவரின் மதிப்பீடு

மட்டக்களப்பிலிருந்து பரிஸ் நகரில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் எங்கள் தலைமுறைப் பெற்றோருக்கு ஏறத்தாழ மாறாத ஒரு பயணப் பட்டியல் இருக்கிறது: தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெரு, ஈபிள் கோபுரம், லூர்து மாதா கோயில், அதன்பின் பேரப்பிள்ளைகளின் ஆசைக்காக டிஸ்னிலாண்ட். எனது மகளின் குடும்பம் இந்த வரிசையில் கடைசியாக உள்ளதையே முதலாவதாகக் கொள்ளும் குடும்பம். நானும் எனது கணவரும் கோடை விடுமுறைக்கு அங்கே சென்ற ஒவ்வொரு தடவையும் டிஸ்னிலாண்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். காலப்போக்கில் அந்த இளஞ்சிவப்புக் கோட்டையின் மீது எங்களுக்கும் உண்மையான பற்று உண்டாகிவிட்டது. ஆகவே இம்முறை, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இருக்கும் எனது தம்பி, “அக்கா, இந்தமுறை எல்லாரும் ஐரோப்பா பார்க்குக்குப் போவம், ரெண்டு பக்கமும் நடுவில சந்திக்கலாம்” என்று சொன்னபோது, பேத்தியைக் காட்டிலும் நான்தான் அதிகம் தயங்கினேன். அங்கே தங்கி, இரு குடும்பங்களாகச் சுற்றிப் பார்த்த பின்னர், எங்களைப் போன்று முதியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து பயணம் செய்யும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஐரோப்பா பார்க் ஜேர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லைக்கு அருகில், றூஸ்ட் என்னும் சிறு கிராமத்தில் அமைந்திருக்கிறது. ஐரோப்பாவிலேயே அதிகம் பேர் வந்துபோகும் கேளிக்கைப் பூங்கா பரிஸ் டிஸ்னிலாண்ட் என்றால், அதற்கு அடுத்த இடம் இதற்குத்தான். பரிசிலிருந்து ஸ்திராஸ்பூர்க் வரை அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் சென்றுவிடலாம். அங்கிருந்து நாங்கள் காரில் றினோ என்ற ஊருக்குச் சென்று, றைன் நதியைக் கட்டணம் எதுவுமின்றிக் கடக்க உதவும் வாகனப் படகில் ஏறி ஜேர்மனியின் கரையில் இறங்கினோம். தம்பியின் குடும்பம் பாசல் வழியாக நெடுஞ்சாலையில் வந்தது. கார் இல்லாதவர்கள் றிங்ஸ்ஹைம் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ்சில் பூங்காவுக்குச் செல்லலாம். பரிஸ் நகரிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் வாசலிலேயே இறக்கிவிடும் டிஸ்னிலாண்டின் வசதி இங்கே இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் நான் முதலில் உணர்ந்த வேறுபாடு மரங்கள். டிஸ்னிலாண்ட் 1992 ஏப்ரலில், சீனி எடுக்கும் பீற்றூட் கிழங்கு பயிரிடப்பட்ட வெட்டவெளியில் திறக்கப்பட்டது. அங்கே நிற்கும் ஒவ்வொரு மரமும் அதற்காகக் கொண்டுவந்து நடப்பட்டது. ஐரோப்பா பார்க்கோ 1442ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பிரபுக்களின் மாளிகை ஒன்றைச் சுற்றியிருந்த பழைய தோட்டத்துக்குள் 1975இல் அமைக்கப்பட்டது. அந்த மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது. எல்ஸ் என்னும் சிற்றாறு பூங்காவை ஊடறுத்து ஓடுகிறது. முதிர்ந்த மரங்கள் பாதைகளின் மேல் கவிந்து நிற்கின்றன. ஓகஸ்ட் மாத வெயிலில் முழங்கால் வலியுடன் நடக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். டிஸ்னிலாண்டில் நான் களைத்துப்போகும்போது, உட்காருவதற்காகவே ஏதாவது ஒரு உணவகத்துக்குள் நுழைந்து எதையாவது வாங்க வேண்டியிருந்தது. இங்கே ஆற்றோரம் ஒரு மர வாங்கில் அமர்ந்து, கூரையொன்றின் மேல் சுள்ளிகளை அடுக்கிக் கட்டிய பெரிய கூட்டில் செங்கால் நாரை ஒன்று தன் அலகைத் தடதடவென்று தட்டி ஒலி எழுப்புவதை, பிள்ளைகள் சவாரி முடித்து வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாரைகள் காட்சிக்காகக் கூண்டில் வைக்கப்பட்டவை அல்ல. அவை தாமாகவே வந்து அங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை.

இந்தப் பூங்காவின் உரிமையாளர்கள் மாக் என்னும் குடும்பத்தினர். அவர்கள் 1780ஆம் ஆண்டு முதல் அருகிலுள்ள வால்ட்கிர்க் நகரில் வண்டிகளும், பின்னர் சந்தைத் திடல்களில் ஓடும் இராட்டினங்களும் செய்துவந்த கைவினைஞர் பரம்பரையினர். தாங்கள் செய்யும் சவாரிகளை வாங்க வருபவர்களுக்கு ஓட்டிக் காண்பிப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்திலேயே பிரான்ஸ் மாக் என்பவரும் அவரது மகன் றோலண்ட் மாக்கும் இந்தப் பூங்காவைத் தொடங்கினார்கள். இன்றும் அவர்களது தொழிற்சாலை உலகின் பல பூங்காக்களுக்குச் சவாரிகளைச் செய்து அனுப்புகிறது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இரண்டு இடங்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு தெளிவாகும். டிஸ்னி கதை சொல்பவர்களின் இடம். அங்கே கதை முதலில் வருகிறது, பொறி அதற்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. ஐரோப்பா பார்க் பொறி செய்பவர்களின் இடம். அவர்கள் தங்கள் வேலையின் நேர்த்தியை வெளிப்படையாகவே காட்டுகிறார்கள்.

பூங்கா ஐரோப்பிய நாடுகளின் பெயரில் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1982இல் இத்தாலியுடன் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2024இல் குரோவேசியாவையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. இவற்றுள் ஒல்லாந்துப் பகுதியில் நாங்கள் செலவிட்ட நேரம்தான் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுகிறேன். அங்கே ‘பத்தாவியாவின் கடற்கொள்ளையர்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு படகுச் சவாரி இருக்கிறது. 1987இல் அமைக்கப்பட்ட இது 2018 மே மாதத்தில் ஏற்பட்ட பெருந்தீயில் முற்றாக அழிந்து, மீண்டும் கட்டப்பட்டு 2020இல் திறக்கப்பட்டது. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா நகரம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆசியாவில் தனது தலைமையிடமாகக் கொண்டிருந்த துறைமுகம். படகு இருளுக்குள் வழுக்கி இறங்கி, விளக்கொளியில் மினுங்கும் துறைமுகத் தெருக்களுக்கு நடுவே, பீரங்கிப் புகையும் ஆரவாரமுமாகச் செல்கிறது. மரப்பீப்பாய்கள், சாக்கு மூட்டைகள், ஒல்லாந்தக் கொடி, மதிலில் ஏறும் கொள்ளையர், கயிற்றில் தொங்கும் ஒருவன் என்று ஒவ்வொரு காட்சியையும் இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் முழுமையாகக் கவனிக்க முடிந்தது.

ஒல்லாந்தரின் மதிலைக் கண்டதும், ஒன்பது வயதுப் பேத்தி என் கையைப் பிடித்து, “அம்மம்மா, இது உங்கட ஊர்க் கோட்டையா?” என்று கேட்டாள். அவள் மட்டக்களப்புக்கு வந்திருந்தபோது புளியந்தீவில் வாவிக்கரையோரம் நிற்கும் கோட்டையின் மதில்மீது நடந்தவள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய அந்தக் கோட்டையை 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையுடன் கைப்பற்றியவர்கள், பத்தாவியாவிலிருந்து ஆணை பெற்று வந்த இதே கம்பனியார்தான். ஒல்லாந்தர் முதன்முதலில் இலங்கையில் பிடித்த கோட்டை எங்களுடையது. படகிலிருந்து இறங்கிய பின்னர் ஒரு வாங்கில் அமர்ந்து, இந்தச் செய்தியைப் பேத்திக்கும் தம்பியின் பிள்ளைகளுக்கும் விளக்கமாகச் சொன்னேன். எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தராத கவனத்தை அவர்கள் எனக்குத் தந்தார்கள். டிஸ்னிலாண்டிலும் கடற்கொள்ளையர் படகுச் சவாரி உண்டு. கலைநுட்பத்தில் அது இதைக் காட்டிலும் ஒரு படி மேலானது என்றே சொல்வேன். ஆனாலும் அதிலிருந்து இறங்கி வந்து நான் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு எதுவும் இருந்ததில்லை.

பெரிய சவாரிகளைப் பற்றி நான் அதிகம் எழுதத் தகுதி உடையவள் அல்லள். அவற்றில் மருமகனும், தம்பியும், பதின்மூன்று வயதுப் பேரனும் ஏறினார்கள். ‘சில்வர் ஸ்ரார்’ என்னும் றோலர் கோஸ்டரின் உச்சி 73 மீற்றர். பாலமீன்மடுவில் நிற்கும் எங்கள் வெளிச்சவீட்டின் உயரம் 28 மீற்றர் என்பதை நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் அதன் அளவு விளங்கும். உயரம் 1.40 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளை அதில் ஏற்றுவதில்லை. ஐஸ்லாந்துப் பகுதியில் உள்ள ‘புளூ ஃபயர்’ இரண்டரை வினாடியில் 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டுகிறது. மரத்தாலேயே கட்டப்பட்ட ‘வோடான்’ அருகில் நின்றால் மரச்சட்டங்கள் முறுமுறுக்கும் ஓசை கேட்கிறது. குரோவேசியாவின் ‘வோல்ட்ரோன்’ பயணிகளை ஏழு தடவை தலைகீழாக்குகிறது. டிஸ்னிலாண்டில் இத்தகைய சவாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், பதின்ம வயதை அடைந்த பேரனுக்கு அந்த இடம் கடந்த சில ஆண்டுகளாகவே அலுத்துப்போயிருந்தது. இங்கே இரவு அறைக்குத் திரும்பிய பின்னரும் அவன் மறுநாள் எதில் முதலில் ஏறுவது என்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

முதியவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்பதே எனது கவலையாக இருந்தது. அந்தக் கவலைக்கு மிக நல்ல பதில் கிடைத்தது. பூங்காவைச் சுற்றி வரும் சிறு ரயிலும், உயரத்தில் செல்லும் ஒற்றைத் தண்டவாள ரயிலும் இருப்பதால், முழுப் பூங்காவையும் கால் நோகாமல் பார்த்துவிடலாம். 2017இல் திறக்கப்பட்ட ‘வொலெற்றாரியம்’ என்ற இடத்தில், கால்கள் தொங்க இருக்கையில் அமர்ந்ததும், அந்த இருக்கை வரிசையே மேலெழுந்து ஒரு மாபெரும் வளைந்த திரைக்கு முன்னால் நிற்கிறது. ஐரோப்பாவின் மலைகளுக்கும் நகரங்களுக்கும் மேலே பறப்பது போன்ற உணர்வு உண்டாகிறது. முன்பு “என்ன மனே, என்னை இதுக்குள்ள ஏறச் சொல்லுறியா?” என்று பேரனிடம் மறுத்துக்கொண்டேயிருந்த எனது கணவர், இதில் மட்டும் மறுபடியும் ஏற வேண்டும் என்றார். பனிச்சறுக்கு நடனம், குதிரை வீரர்களின் காட்சி என்று அமர்ந்து பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகளும் நாள் முழுவதும் உள்ளன. பேச்சுள்ள நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில் நடப்பதால் அவற்றைத் தவிர்த்து, பாட்டும் சாகசமும் உள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வரிசையில் காத்திருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்னிலாண்டில் காத்திருப்பைக் குறைக்க விரும்பினால், சவாரிக்குச் சவாரி மேலதிகப் பணம் செலுத்தும் முறை இருக்கிறது. ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஐரோப்பா பார்க்கின் கைத்தொலைபேசிச் செயலியில், குறிப்பிட்ட சில சவாரிகளுக்கு இலவசமாகவே முன்கூட்டி இடம்பிடித்துக்கொண்டு, அந்த நேரம் வரும்வரை வேறு எங்காவது சுற்றித் திரியலாம். பணமுள்ளவர் முன்னே செல்ல, மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை பிள்ளைகளின் கண்முன் இல்லாதிருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டணத்தைப் பொறுத்தவரை இரண்டு இடங்களிலும் நாளுக்கு நாள் விலை மாறும். டிஸ்னிலாண்டில் நெரிசலான நாளொன்றில் ஒரு பூங்காவுக்கான பெரியவர் சீட்டே நூறு யூரோவைத் தாண்டும்; அருகிலுள்ள இரண்டாவது பூங்காவுக்குள்ளும் போக வேண்டுமானால் இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஐரோப்பா பார்க்கில் கோடையில் பெரியவருக்கு அறுபது யூரோவுக்கு மேலாகும். அதற்குள் பூங்காவிலுள்ள சவாரிகளும் காட்சிகளும் அடங்கிவிடும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணக் குறைப்பு உண்டு. 2019இல் திறக்கப்பட்ட ‘றுலாந்திக்கா’ என்னும் நீர்ப்பூங்கா தனிச் சீட்டுக்குரியது. எங்கள் பிள்ளைகள் அங்கே போகவில்லை. நாளைக் குறிப்பிட்டு முன்கூட்டியே சீட்டுப் பதிவுசெய்யாமல் வாசலுக்குச் செல்வது அறிவுடைமை ஆகாது.

உணவு விடயத்தில் எங்களவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். ஜேர்மனியில் பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் பரவலானவை. அவற்றைத் தவிர்ப்பவர்கள் ஸ்கண்டிநேவியப் பகுதியில் மீனும், இத்தாலியப் பகுதியில் இறைச்சியில்லாத பீற்சாவும் பாஸ்தாவும் பெறலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ‘ஃபூட்லூப்’ என்ற உணவகம். மேசையிலுள்ள திரையைத் தொட்டு உணவைத் தெரிவுசெய்தால், மூடியிட்டுக் கட்டிய சிறு பாத்திரமொன்று கூரையருகே தொடங்கும் தண்டவாளத்தில் சுழன்று சுழன்று இறங்கி, எங்கள் மேசையில் வந்து நிற்கிறது. உள்ளே இருந்த உருளைக்கிழங்குப் பொரியல் சாதாரணமானதுதான். ஆனாலும் தன் பாத்திரம் எந்த வளைவில் வருகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, அன்று அதில் ஒரு துண்டையும் மிச்சம் வைக்கவில்லை.

இருந்தாலும் எங்களைப் பொறுத்தவரை மிகப் பெரிய வசதி, வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடிந்ததுதான். டிஸ்னிலாண்டில் பெரிய சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு உள்ளே அனுமதியில்லை. வாசலுக்கு வெளியே அதற்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே தம்பியின் மனைவி காலையிலேயே கட்டிக்கொண்டு வந்த பிட்டையும், கத்தரிக்காய்ப் பால்கறியையும், முட்டைப் பொரியலையும் மரத்தடியில் பரிமாறினார். அங்கே நாங்கள் தனியாக இருக்கவில்லை. சுவிஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐரோப்பா பார்க் பழக்கப்பட்ட விடுமுறை இடம் என்பதைப் பக்கத்து மேசைகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எங்கள் பேச்சைக் கேட்டு, அடுத்த வாங்கிலிருந்த ஒரு பெண்மணி, “நீங்க எவடம் கா?” என்று கேட்டார், அவர் மட்டக்களப்பை அடுத்த களுதாவளையைச் சேர்ந்தவர். நான் கற்பித்த பாடசாலையில் அவரது தமக்கை படித்திருந்தார் என்பது சிறிது நேரத்தில் தெரியவந்தது. பரிசில் இத்தகைய சந்திப்பு லாச்சப்பலில்தான் நடக்கும்.

தங்குவதற்குப் பூங்காவுக்கே சொந்தமான ஹோட்டல்கள் பல இருக்கின்றன. ஸ்பானியக் கோட்டை, உரோமானிய அரங்கு, அமெரிக்கக் கடலோர ஊர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் கட்டப்பட்டது. தம்பி எங்களுக்காகப் பதிவுசெய்தது, 2007இல் போர்த்துக்கேய மடாலயத்தின் அமைப்பில் திறக்கப்பட்ட ‘சாந்தா இசபெல்’. அமைதியான முற்றம், வளைவுக் கூரைகள், வெண்சுவர்கள், காலையில் நிறைவான உணவு, தனி வாயில் வழியாகப் பூங்காவுக்குள் நுழையும் வசதி என்று குறைசொல்ல எதுவுமில்லை. இரவில் போர்த்துக்கேயரின் மடத்தில் உறங்கி, பகலில் ஒல்லாந்தரின் துறைமுகத்தில் படகேறிய எங்களுக்கு, மட்டக்களப்பின் வரலாறே வரிசை மாறாமல் வந்து நின்றதாகத் தோன்றியது. விலை குறைந்ததல்ல; ஆனால் றூஸ்ட் கிராமத்தில் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும் அறைகள் ஏராளமாக உள்ளன. பெரிய குடும்பமாகச் செல்வோர் அவற்றையே முதலில் விசாரித்துப் பார்க்கலாம்.

டிஸ்னிலாண்டை நான் கைவிட்டுவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இன்றும் தயக்கமின்றி டிஸ்னியையே சொல்வேன். கோட்டையின் அடியில் இருளில் படுத்திருக்கும் பறவைநாகம் கண்விழித்துப் புகைவிடும்போது ஒரு சிறு பிள்ளையின் முகத்தில் தோன்றும் அச்சமும் வியப்பும் கலந்த பாவனையை ஐரோப்பா பார்க்கில் நான் காணவில்லை. இங்கும் எட், எட்டா என்று இரண்டு எலிப் பாத்திரங்கள் உலாவருகின்றன. ஆனால் எங்கள் தம்பியின் கடைக்குட்டி அவற்றுடன் ஒரு படம் எடுத்துக்கொண்டதோடு சரி, அதற்குப் பின்னர் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளை ஏற்கனவே நேசிக்கும் ஒரு கதை அந்த எலிகளுக்குப் பின்னால் இல்லை. நாட்டுக்கு நாடு பாதை மாறும்போதும் தொடர்பு அறுந்து அறுந்தே போகிறது. டிஸ்னியில் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தரையின் கல் முதல் ஒலிக்கும் இசை வரை மெல்ல மெல்ல மாறும். அந்தக் கவனம் ஈடிணையற்றது. பிள்ளைகள் வளர்ந்து, தாத்தா பாட்டியும் கூடவே வந்து, உறவினர் குடும்பங்கள் இரண்டு மூன்று ஒன்றுசேரும் பயணத்துக்கு மட்டும் எனது தேர்வு மாறிவிட்டது.

ஊரிலிருந்து செல்ல எண்ணுபவர்களுக்கு இன்னும் இரண்டு விடயங்கள். பிரான்ஸ் தூதரகத்தின் ஊடாகப் பெறும் செங்கன் விசாவே ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் செல்லுபடியாகும். ஒரேயொரு தடவை நுழைவதற்கான விசாவாக இருந்தாலும், இந்த நாடுகளுக்கிடையே எல்லை கடப்பது வெளியேறியதாகக் கணக்கிடப்படாது. எனினும் ஜேர்மன் எல்லையில் இடையிடையே சோதனை நடப்பதால் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. லண்டனிலுள்ள உறவினர்களும் வந்து சேருவதானால் அவர்களது குடியுரிமையைப் பொறுத்துத் தனியாக விசாரிக்க வேண்டும். அடுத்தது, டிஸ்னிலாண்ட் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்; ஐரோப்பா பார்க் அப்படியல்ல. நவம்பர் தொடக்கத்தில் மூடி, நத்தார் காலத்துக்காக மீண்டும் திறந்து, ஜனவரியில் மூடினால் வசந்தம் வரும்வரை திறக்கமாட்டார்கள். தைப்பொங்கலை ஊரில் முடித்துக்கொண்டு மாசி மாதத்தில் பிள்ளைகளிடம் செல்லும் வழக்கமுள்ளவர்கள் விமானச் சீட்டை வாங்குவதற்கு முன்னரே பூங்காவின் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அடுத்த தடவையும் ஓகஸ்ட் மாதத்தையே தெரிவுசெய்திருக்கிறோம். அறையைத் தம்பி ஏற்கனவே பதிவுசெய்துவிட்டார், மூன்று இரவுகளுக்கு.